வீட்டுக் கருவிகள்: இடையிடையே உறைந்துபோகும் மடிக்கணினி

நம் உறுப்பினர் ஒருவர் எழுதியுள்ள கடிதமே இம்மாதப் பகுதிக்குப் பொருளாக அமைகிறது. அவர் இல்லத்தில் 2014ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டுவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது; விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி அந்தப் பழைய கருவிக்கு இல்லை. ஆகவே கல்லூரியில் பயிலும் அவருடைய மகன் விடுமுறையில் வந்தபோது அதில் லினக்ஸை நிறுவித் தந்துவிட்டு விடுதிக்குத் திரும்பிவிட்டான். அதன் பின்னர் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை கணினி அப்படியே நின்றுவிடுகிறதாம். ஊரிலுள்ள தாயாரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் பாதிச் சொல்லில் உறைந்துவிடுகிறது. எந்த விசையை அழுத்தினாலும் பயனில்லை. கடையில் காட்டினால், “பார்மட் செய்துவிடலாம்” என்கிறார்கள். பத்தாண்டுக் குடும்பப் படங்கள் முழுவதும் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது என்று வினவுகிறார்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. படங்களையும் சான்றிதழ் நகல்களையும் இன்றே வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து வையுங்கள். கணினி நின்று நின்று ஓடினாலும், ஓடுகிற நேரத்தில் சிறிது சிறிதாகப் படியெடுக்கலாம். நோய் இன்னதென்று ஆராய்வதெல்லாம் அதற்குப் பின்னரே. கீழே சொல்லப்போகும் காரணங்களுள் ஒன்று வட்டின் பழுது. அதுவாக இருந்தால் நாள் கடத்தும் ஒவ்வொரு பொழுதும் இழப்பாகும்.

இனிக் கடைக்காரரின் மருந்தைப் பற்றி. தில்லியின் நேரு பிளேசானாலும், மும்பையின் லாமிங்டன் சாலையானாலும், பெங்களூரின் எஸ்.பி. சாலையானாலும், “ஹேங் ஆகிறது” என்னும் ஒரு சொல்லைச் சொன்னால் போதும், எல்லாருக்கும் விளங்கிவிடும். மொழி தெரியாமல் அல்லற்படுகிற நம்மவர்க்கு இது ஒருவகையில் வசதிதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வேறுபட்ட நோய்கள் மறைந்திருக்கின்றன. காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் மருத்துவர் என்ன மருந்து கொடுப்பார்? பார்மட் செய்வது என்பது வட்டிலுள்ளவற்றை அழித்துவிட்டு மென்பொருளைப் புதிதாக நிறுவுவது. வெப்பத்தால் வரும் கோளாறு, நினைவகத்தின் பழுது, மின்சேமிப்பு முறையின் குறை ஆகிய எவையும் அதனால் தீரா. படங்கள் போனதுதான் மிச்சமாகும்.

கணினி உறையும்போது நம்மில் பெரும்பாலோர் செய்வது, மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவது. அந்தப் பொழுதே நோயை அறிவதற்குரிய நல்ல பொழுது. இரண்டு நிமிடம் பொறுத்துச் சிலவற்றை நோக்க வேண்டும்.

சுட்டி நகர்கிறதா? வட்டின் சிறுவிளக்கு இடைவிடாமல் எரிகிறதா, அல்லது முற்றும் அணைந்து கிடக்கிறதா? கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? மாறினால் கணினியின் உட்கரு உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். மாறாவிட்டாலும் முற்றும் இறந்துவிட்டது என்று துணிய முடியாது. திரையை ஆளும் நிரல் மட்டும் சிக்கிக்கொண்டிருக்கலாம். அந்த விளக்கு நாம் தொடாமலே தானாகக் கண்சிமிட்டினால் உட்கருவே நிலைகுலைந்துவிட்டது என்பது பெரும்பாலான மடிக்கணினிகளில் அறிகுறி. அடுத்து, கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரு விசைகளோடு எப் 3 விசையையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பயனர் பெயரைக் கேட்கும் வரி தோன்றினால், பழுது திரைக்காட்சிப் பகுதியில்தான். மற்றவை நலமாக இருக்கின்றன.

எதற்கும் அசையாவிட்டாலும் கண்மூடித்தனமாக அணைக்க வேண்டியதில்லை. ஆல்ட் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்று நொடிக்கு ஒன்றாக ஆங்கில எழுத்துகள் மூன்றை அழுத்துக. சேலத்தின் முதலெழுத்து, உதகையின் முதலெழுத்து, பம்பாயின் முதலெழுத்து என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முதலாவது, எழுதப்படாமல் நிற்பவற்றை வட்டில் எழுதச் செய்யும். இரண்டாவது, வட்டில் மேற்கொண்டு எதுவும் எழுதாதபடி பூட்டும். மூன்றாவது, கணினியை மறுபடி தொடங்கும். உபுண்டுவில் இம்மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டுள்ளன. சில மடிக்கணினிகளில் எப்.என். விசையையும் சேர்த்து அழுத்த நேரும். இந்த முறைக்குக் கணினி செவிசாய்த்தால் உட்கரு உயிரோடிருந்தது என்பதும் உறுதியாகிறது. சாய்க்காவிட்டால், கோளாறு ஆழமானது. வன்பொருளின் பக்கம் ஐயம் திரும்ப வேண்டும்.

மறுபடி தொடங்கியதும், முன் நடந்ததைப் பதிவேட்டில் படிக்கலாம். லினக்ஸின் சிறப்புகளுள் இதுவொன்று. நம் ரயில்வே நிலையங்களில் ஒவ்வொரு வண்டியும் வந்ததையும் சென்றதையும் எழுதிவைப்பது போல, அதுவும் தன் செயல்களை நேரத்தோடு குறித்துக்கொண்டே போகிறது. டெர்மினலைத் திறந்து, ‘ஜர்னல்சிடிஎல்’ என்னும் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுதி, இடைவெளி விட்டு, சிறுகோட்டோடு ஒட்டிய பம்பாயின் பி, மீண்டும் இடைவெளி, சிறுகோட்டோடு ஒட்டிய 1 என்று இட்டால், இதற்கு முந்தைய ஓட்டத்தின் குறிப்புகள் வரும். அவற்றின் கடைசி ஐம்பது வரிகளே நமக்கு வேண்டியவை. நினைவகம் தீர்ந்தது, ஒரு நிரலைக் கொன்றோம் என்று இருக்கிறதா? வட்டைப் படிக்க முடியவில்லை என்று இருக்கிறதா? வரைகலைப் பகுதி தொங்கிவிட்டது என்று இருக்கிறதா? செயலி இருபத்திரண்டு நொடியாக அசையாமல் சிக்கியிருக்கிறது என்று இருக்கிறதா? இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டும். ஒன்றுமே இராமல், வழக்கமான வரிகளுக்கு நடுவே திடீரென மௌனமாகிவிட்டால், அந்த மௌனமும் ஒரு சான்றே. எழுதக்கூட நேரமின்றிக் கணினி நின்றிருக்கிறது என்பது அதன் பொருள். கடைசிச் சில நொடிகளின் குறிப்பு வட்டைச் சேராமல் போவதும் உண்டு என்பதை மறக்கலாகாது.

பழைய மடிக்கணினிகளில் நாம் ‘ஹேங்’ என்று சொல்லும் நிகழ்ச்சிகளுள் பெரும்பகுதி, உண்மையில் உறைதலே அன்று. அது நினைவகத்தின் நெருக்கடி. சிறிய சமையலறையை எண்ணிப் பாருங்கள். மேடையில் நான்கு பாத்திரங்களுக்கே இடம். மற்றவற்றைப் பரணில் ஏற்றிவைத்திருக்கிறோம். ஐந்தாவது பாத்திரம் வேண்டுமானால் ஒன்றை மேலே ஏற்றி, மற்றொன்றைக் கீழே இறக்க வேண்டும். விருந்தாளி இருவர் என்றால் சமாளிக்கலாம், இருபதின்மர் வந்தால் ஏணியில் ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும், உலை ஏறாது. கணினியின் நினைவகம் மேடை; வட்டில் ஒதுக்கிய ‘ஸ்வாப்’ என்னும் இடம் பரண். நான்கு ஜிபி நினைவகமுள்ள கணினியில் பிரவுசரின் பத்துப் பக்கங்களும் ஒரு காணொலி அழைப்பும் ஒன்றாக இயங்கினால் மேடை நிரம்பிவிடும். ஸ்வாப் இல்லையென்றால் தப்பலாம் என்று சிலர் கருதுகின்றனர். அதுவும் சரியன்று. இடம் போதாதபோது உட்கரு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பகுதிகளையே நினைவகத்திலிருந்து நீக்கிவிட்டு, அடுத்த கணமே தேவைப்படும்போது வட்டிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கும். சுழலும் பழைய வட்டு, ஆங்காங்கே சிதறிக் கிடப்பவற்றை நொடிக்கு நூறு முறைகூடப் படிக்க வல்லதன்று. ஆகவே சுட்டி விக்கி விக்கி நகரும். வட்டின் விளக்கு இடைவிடாமல் எரியும். பத்து நிமிடம் பொறுத்தால் சில வேளை தானே மீண்டுவரும். இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் வேறு எங்கும் தேட வேண்டா.

இதற்குப் பரிகாரம் எளிது. எட்டு ஜிபி நினைவகம் ஏற்குமானால் அதைப் பொருத்துவதும், சுழலும் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் பழைய கருவிக்குச் செய்யக்கூடிய நல்ல சிகிச்சை. செலவே வேண்டாமெனில் இரண்டு மென்பொருள்கள் உதவும். ‘இசட்ராம்’ என்பது நினைவகத்திலுள்ளவற்றையே சுருக்கி மடித்து வைக்கிறது. புடவையை மடித்து அடுக்கினால் பெட்டியில் இடம் கூடுவதைப் போல. பெடோரா 2020இல் இதைத் தன் இயல்பான அமைப்பாக்கியது. ‘எர்லி ஓஓஎம்’ என்பது, நினைவகமும் ஸ்வாப்பும் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனவுடன், மிகுதியாக இடம் பிடித்திருக்கும் நிரல் ஒன்றை நிறுத்திவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது பிரவுசரின் ஒரு பக்கம் மறைவது எரிச்சலூட்டும்தான். முழுக்கணினியும் நிற்பதைவிட அது மேல். உபுண்டுவின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இத்தகைய காவல் நிரல் ஒன்று உடனிணைந்தே வருகிறது.

வெப்பத்தைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். மே மாதத்துத் தில்லியில் வெயில் 45 பாகையைத் தாண்டும் நாளில், மெத்தையின்மேல் வைத்து வேலை செய்தால் எந்தக் கருவிதான் தாங்கும்? எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலியின் வெப்பம் எல்லையை நெருங்கும்போது, அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு அந்த எல்லை 100 அல்லது 105 பாகை. அதற்கும் மேலே போனால் கணினி தானே அணைந்துவிடும். அணைந்து போவது வேறு; உறைந்து நிற்பது வேறு. திடீரென இருண்டுவிடும் கணினிக்கு விசிறியையும் தூசியையும் பாருங்கள். விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, திறந்தே எடுக்க வேண்டும். செயலியின்மேல் பூசிய பசையும் பத்தாண்டில் உலர்ந்துவிடும். இந்த வேலையைக் கடையில் கொடுப்பதே நல்லது.

வட்டின் நலத்தை வீட்டிலேயே அறியலாம். ‘டிஸ்க்ஸ்’ என்னும் செயலியில் வட்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்மார்ட் விவரங்களைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 5, 197, 198 என்னும் எண்களுக்கு நேரேயுள்ள மூலமதிப்பு சுழியமாக இருத்தல் வேண்டும். 197க்கு நேரே ஏதேனும் எண் தோன்றி நாளுக்கு நாள் வளர்ந்தால், வட்டுக்கு விடைகொடுக்கும் காலம் வந்துவிட்டது. 199 வளர்ந்தால் பெரும்பாலும் வட்டில் குறையில்லை. இணைப்புக் கம்பியோ பொருத்துமிடமோ தளர்ந்திருக்கிறது. பல ஊர்களுக்கு மாற்றலாகி, வண்டியேறி இறங்கிய கணினிகளில் இது நேரக்கூடும்.

நினைவகத்தைச் சோதிக்க ‘மெம்டெஸ்ட்86+’ என்னும் சோதனை நிரல் இருக்கிறது. 2022இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு முதல் புதுவகைக் கணினிகளிலும் இயங்குகிறது. இரவு படுக்குமுன் தொடங்கிவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான்; ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடலாகாது. பிழை கண்டால், மின் இணைப்பையும் மின்கலத்தையும் நீக்கிய பின், நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து மறுபடி பொருத்திச் சோதிக்கலாம். கடற்காற்றில் பல ஆண்டு இருந்த கருவிகளில் இத்துடைப்பே போதுமானதாக அமைவதுண்டு.

இனி, கடிதம் எழுதிய அன்பரின் கணினிக்கு வருவோம். அவர் குறித்திருக்கும் செயலி இன்டெல் செலரான் என்-2840. ‘பே டிரெயில்’ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தச் செய்தி ஒன்றே நம் ஐயத்தைப் பெரிதும் ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. எந்தச் செயலியும் வேலையில்லாத கணங்களில் உறங்கும். நொடிக்குள் பலமுறை உறங்கி விழிக்கும். மின்சாரத்தைச் சேமிக்க அதுவே வழி. அவ்வுறக்கத்தில் படிகள் உண்டு. முதற்படி கோழித்தூக்கம், ஆறாம் ஏழாம் படிகள் ஆழ்ந்த உறக்கம். பே டிரெயில் செயலிகள் லினக்ஸில் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழிக்க முடியாமல் அப்படியே நின்றுவிடுவது பலருக்கும் நேர்ந்தது. லினக்ஸ் உட்கருவின் வழுப் பட்டியலில் 109051 என்னும் எண்ணுடன் 2015இல் பதிவான இக்குறையைப் பற்றிய ஆராய்ச்சி பல ஆண்டுகள் நீண்டது. வேலை மிகுதியாக இருக்கும்போது நில்லாமல், காணொலி பார்க்கையிலோ சும்மா இருக்கையிலோ நிற்பதும், பதிவேட்டில் ஒரு வரியும் இராததும் இதன் இயல்பு. அன்பர் தம் கடிதத்தில் எழுதியிருப்பனவும் ஏறத்தாழ இவையே. நேற்றுவரை ஓடிய கணினி லினக்ஸ் வந்தபின் நிற்கத் தொடங்கியதற்கும் இது பொருந்திய விளக்கமாகிறது.

இதைச் சோதிக்க எதையும் அழிக்க வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை, பழைய முறையில் தொடங்குவனவற்றில் ஷிப்ட் விசையை, அழுத்தினால் ‘கிரப்’ என்னும் பட்டியல் வரும். முதல் வரியின்மேல் நின்று, ஈரோட்டுக்கு எழுதும் ஆங்கில முதலெழுத்தை அழுத்துக. தோன்றும் எழுத்துகளுள் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு, எல்லாம் சிற்றெழுத்தாக இப்படி எழுதுக: இன்டெல், அடிக்கோடு, ஐடில், புள்ளி, மேக்ஸ், அடிக்கோடு, சி, ஸ்டேட், சமக்குறி, 1. இவற்றுக்கு நடுவே இடைவெளி கூடாது. பின்னர் எப் 10 விசையை அழுத்தினால் கணினி தொடங்கும். இந்த மாற்றம் அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டுமே. அணைத்துத் தொடங்கினால் பழைய நிலை திரும்பும். ஆதலால் அச்சமின்றி முயலலாம். நாளுக்கு மூன்று முறை நின்ற கணினி, அணைக்காமலே மூன்று நாள் நில்லாமல் ஓடினால் காரணம் புலப்பட்டுவிட்டது. மகனிடம் தொலைபேசியில் சொல்லி, அதே சொற்களை கிரப்பின் அமைப்புக் கோப்பில் நிலையாக எழுதச் செய்யலாம். மின்கலம் முன்னைவிட விரைவில் தீரும். செயலியை ஆழ்ந்து உறங்கவிடாததன் விலை அது. பெரும்பாலும் சுவர் மின்சாரத்திலேயே இயங்கும் வீட்டுக் கணினிக்கு அந்த விலை பெரிதன்று. பின்னர் வந்த உட்கருக்களில் இக்குறையின் சில பகுதிகள் திருத்தப்பட்டுள்ளன; ஆகவே மென்பொருளைப் புதுப்பித்தபின் அச்சொற்களை நீக்கியும் ஒருமுறை பார்க்கலாம்.

இவ்வாறு சோதிக்கும்போது ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். நினைவகத்தையும் மாற்றி, மின்சேமிப்பையும் நிறுத்தி, வைபை அட்டையையும் கழற்றிவிட்டுக் கணினி நன்றாக ஓடினால், எது மருந்து என்று எவ்வாறு அறிவது? பால் கணக்கு எழுதும் குறிப்பேட்டிலேயே இரண்டு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். நின்ற நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, மின்கலத்திலா சுவர் மின்சாரத்திலா, விளக்குகள் எப்படி இருந்தன என்பனவற்றைக் குறித்தால் போதும். ஒரு வாரத்தில், ‘எப்போது வேண்டுமானாலும் நிற்கிறது’ என்று நாம் நினைத்ததற்கு ஓர் ஒழுங்கு இருப்பது தென்படலாம். கடையில் கொடுக்க நேர்ந்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ‘ஹேங்’ என்ற ஒற்றைச் சொல்லைவிட அது நன்றாகப் பேசும்.

எல்லாம் முயன்றும் பலனில்லை என்றால், லினக்ஸை யூ.எஸ்.பி. குச்சியிலிருந்தே தொடங்கி, வட்டைத் தொடாமல் ஒருநாள் இயக்கிப் பாருங்கள். அங்கும் நின்றால், நிறுவிய மென்பொருளின்மேல் பழி இல்லை. பார்மட் செய்வதால் பயனும் இல்லை. இடையில், தொடுதளம் மேலெழும்பியிருந்தாலோ, கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, அன்றே பயன்படுத்துவதை நிறுத்திவிடுக. மின்கலம் உப்பியிருக்கிறது என்பது அதன் பொருள். அது தீப்பற்றக் கூடியது; குத்தியோ அழுத்தியோ பார்க்காமல் பழுது பார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

தாய்ப்பலகையே பழுதென்று முடிவானால், இவ்வளவு பழைய கருவிக்கு அதை மாற்றுவது கட்டுப்படியாகாது. அப்போதும் கணினியைக் கொடுத்துவிடுமுன் வட்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைப்பதற்கென்றே யூ.எஸ்.பி. உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த உறையிலிட்டு வேறு எந்தக் கணினியில் செருகினாலும், லினக்ஸ் உள்ளதாக இருந்தால், படங்கள் அப்படியே திறக்கும். மகன் வட்டை மறைகுறியிட்டுப் பூட்டியிருந்தால் மட்டும் கடவுச்சொல் தேவைப்படும். அதை அவனிடம் இப்போதே கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.